காலண்டர் ஓரமும் யூரியா மூடையும்

என் மக்காச்சோளத்தை என் மச்சினன் விஷம் தெளித்துக் கொன்றுகொண்டிருக்கிறான் என்று நான் நம்பினேன். சந்தேகம் இல்லை, நம்பிக்கை. பல் துலக்கும்போது நம்பினேன். சிவகாசி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி நம்பினேன். அவன் வீட்டுக் கறிக்குழம்பை இரண்டாம் தடவை வாங்கி ஊற்றிக்கொண்டபோதும் நம்பினேன்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் மாமனார் விட்டுப்போன கரிசல் நிலத்தில் பாதி அவனுக்கு, பாதி என் மனைவிக்கு. நடுவில் ஒரே ஒரு வரப்பு. மழையை நம்பி விதைக்கும் அந்த மாதிரி நிலத்தைக் காடு என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம். எங்கள் பாதியையும் அவனேதான் உழுது வந்தான். நான் சிவகாசி அச்சகம் ஒன்றில் கட்டிங் மிஷினில் நின்றவன். காலண்டர் ஓரத்தை நூல் பிடித்த மாதிரி வெட்டுவேன். இடுப்பு வலி வந்து வேலையை விட்டதும், இனி நானே விவசாயம் பார்ப்பேன் என்று அறிவித்தேன்.

குலசாமி கோயில் பொங்கலில், பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை சொந்தத்துக்கும் கேட்கிற மாதிரி மச்சினன் சொன்னான்:

"அத்தான் காட்டுல எறங்குதாகளாம்ல! இந்த வருசம் செடியில கருது வராது, காலண்டர்தான் வரும். ஆளுக்கொண்ணு இப்பமே சொல்லி வச்சிருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அதைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மனைவியும் சிரித்தாள். சோற்றில் கை வைத்தபடி, தோள் குலுங்கச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள்தான் பேச்சை முடித்தாள். "ஒரு வருசம் செஞ்சு பாருங்க. வெளைஞ்சா காடு உங்க கையில இருக்கட்டும். வெளையலைன்னா பழையபடி தம்பியே உழட்டும். அதுக்கப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கப்பிடாது."

சரி என்றேன். உள்ளுக்குள் வேறு சபதம். என் சோளம் அவன் சோளத்தைவிட ஒரு முழம் கூட நிற்க வேண்டும். அதன் நிழல் அவன் காட்டில் விழ வேண்டும். அடுத்த பொங்கல் பந்தியில் அவன் எனக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

மூடாக்கு போட்டால் மண் ஈரம் காயாது என்று செல்போனில் ஒருவர் சொன்னார். வைக்கோல், தட்டை, இலைதழை எதையாவது பரப்பச் சொன்னார். வைக்கோலுக்கு நான் எங்கே போக? என்னிடம் காகிதம் இருந்தது. பழைய முதலாளியிடம் கேட்டு, வெட்டிப்போட்ட காலண்டர் ஓரங்களைச் சாக்குச் சாக்காக வண்டியில் ஏற்றி வந்து காடு முழுக்கப் பரப்பினேன். வெள்ளைக் கீற்றுகள், நடுநடுவே ஞாயிற்றுக்கிழமைகளின் சிவப்பு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அப்போதுதான் காற்று அடித்தது. நாலைந்து கீற்றுகள் எழுந்து வரப்பைத் தாண்டி மச்சினன் காட்டுக்குள் போய் விழுந்தன. எனக்கு வியர்த்துவிட்டது. நாளைக் காலையில் அவன் அதைப் பொறுக்கி எடுப்பான். டீக்கடைக்குக் கொண்டுபோவான். "அத்தான் காட்டு வெள்ளாமை வந்துருச்சுலே" என்பான். ஓடிப்போய் அந்தக் கீற்றுகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். அன்றைக்கே டிராக்டர்காரரைக் கூப்பிட்டு, ரொட்டவேட்டர் போட்டு, காகிதம் முழுவதையும் மண்ணோடு மண்ணாக அடித்துக் கலக்கச் சொன்னேன். ஓடைப் பக்கத்து மூலை மட்டும் பாக்கி இருக்கையில் தூறல் விழுந்தது. கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டது. டிராக்டர்காரர் போய்விட்டார். அந்த மூலையில் மட்டும் காகிதம் மேலேயே கிடந்தது. நனைந்து படிந்துவிட்டதால் அது பறக்கவும் இல்லை. அதை விலக்கிவிட்டு விதையை ஊன்றினேன்.

முளைப்பு அருமை. முழங்கால் உயரம் வரைக்கும் நான் ராஜா. அதற்கப்புறம் அடியிலைகளின் நுனியில் மஞ்சள் தொடங்கி, நடு நரம்பு வழியே உள்ளே இறங்கியது. நாளுக்கு நாள் மஞ்சள் மேலேறியது. ஓடைப் பக்கத்து மூலை மட்டும் பச்சை. அந்த மூலைதான் மச்சினன் காட்டிலிருந்து தூரத்தில் இருப்பது. அதற்கு முந்தின வாரம்தான் அவன் தோளில் மருந்து டப்பாவைத் தொங்கவிட்டு வரப்போரமாகவே நடந்ததை நான் கண்ணால் பார்த்திருந்தேன்.

வேறென்ன சாட்சி வேண்டும்? களைக்கொல்லி! வரப்புப் பக்கம் சாகிறது, தூரத்து மூலை பிழைக்கிறது. துப்பறிந்த பெருமையில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

மேலுரம் போடுவதற்காகச் சொசைட்டியில் வரிசையில் நின்று வாங்கிய யூரியா வீட்டில் பிரிக்காமல் இருந்தது. சாகப்போகிற பயிருக்கு யூரியா எதற்கு? பிணத்துக்குச் சோறா ஊட்ட முடியும்? ஆனால் அளவுக்கு மீறிப் போட்டால் யூரியா பயிரைக் கருக்கிவிடும் என்று அதே செல்போன்காரர் சொல்லியிருந்தார். என் முகத்தில் அன்றைக்கு வந்த சிரிப்பை என் மனைவி பார்த்திருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பாள்.

ஊரே ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மத்தியானம், மூடையோடு வரப்பில் நின்றேன். என் பயிரைக் கொன்றவனே, வாங்கிக்கொள் என்று அவன் காட்டுக்குள் கை நிறைய அள்ளி வீசினேன். கை எட்டுகிற சால் வரிசை அத்தனைக்கும் வீசினேன். காலண்டர் என்றானே, அதற்கு ஒரு கை. பந்தியில் சிரித்தார்களே, அதற்கு ஒரு கை. மனைவி சிரித்ததற்கும் சேர்த்து இரண்டு கை. எங்கோ பட்டாசுக் கம்பெனியில் வெடி சோதித்துப் பார்த்தார்கள் போல, டமார் என்றது. காலிச் சாக்கோடு ஓடை வரைக்கும் ஓடி உள்ளே குதித்துவிட்டேன். பழிவாங்கப் போன வீரன் முழங்கால் சிராய்ப்போடுதான் வீடு வந்தான்.

சாயங்காலம் நல்ல மழை பெய்தது.

அதிலிருந்து தினமும் வரப்பில் போய் நின்று அவன் பயிர் கருகக் காத்திருந்தேன். அது கரும்பச்சையானது. சாவதற்கு முன்னால் இப்படித்தான் நிறம் மாறும்போல என்று தேற்றிக்கொண்டேன். இலை அகலமானது. வீங்குகிறது என்று நினைத்தேன். தண்டு பருத்து, என் மார்புக்கு வந்து, தலையைத் தாண்டியது. எதிரியின் பயிரை இவ்வளவு அக்கறையாகத் தினமும் போய்ப் பார்த்த ஆள் எங்கள் பக்கத்திலேயே கிடையாது.

அதற்குமேல் பொறுக்க முடியாமல், என்னுடைய மஞ்சள் இலை ஒன்றைப் பறித்துக்கொண்டு உரக்கடைக்குப் போனேன். "களைக்கொல்லி அடிச்ச பயிர். இதை எழுதிக் குடுங்க, பஞ்சாயத்துக்குப் போகணும்" என்றேன்.

கடைக்காரர் இலையைத் திருப்பிப் பார்த்தார். "களைக்கொல்லியுமில்ல ஒண்ணுமில்ல. தழைச்சத்து பத்தல. மண்ணுக்குள்ள எதையும் போட்டு உழுதீகளா?"

"காகிதம்."

"வெளங்கும்! காகிதத்த உள்ள போட்டு உழுதா, அது மக்குறதுக்கு மண்ணுல இருக்கிற தழைச்சத்த எல்லாம் இழுத்துக்கிடும். பயிரு பட்டினி கெடக்கும். மேலாக்கப் பரத்தியிருந்தா ஈரத்த மட்டும் காத்துக்கிட்டுச் சும்மா கெடந்திருக்கும். சரி, தழைச்சத்துக்கு யூரியா போட்டீகளா?"

"போட்டேன்."

"போட்டுமா இப்படி இருக்கு? எப்பம் போட்டீக?"

மழைக்கு முன்னால் என்றேன். எங்கே போட்டேன் என்று அவர் கேட்கவில்லை. இன்னொரு மூடை கேட்டேன். சீசன் நேரம், லோடு வரவில்லை என்று கையை விரித்தார்.

திரும்பி வரும்போது மச்சினன் வரப்பில் நின்றுகொண்டிருந்தான்.

"அத்தான், வாங்க. இந்த ஓரத்துச் சாலு மட்டும் எப்படி நிக்குது பாத்தீகளா? நானும் எல்லாத்துக்கும் ஒண்ணுபோலத்தான் உரம் போட்டேன். சாமி குடுத்துருக்கு."

பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "அன்னைக்கு டப்பாவத் தூக்கிட்டு இங்கன என்ன மாப்ளே அடிச்ச?"

"படைப்புழுவுக்குத்தான். குருத்துக்குள்ள பூந்துருச்சுல்லா. உங்க ஓரத்துச் சாலுலயும் கெடந்துச்சு, அதுக்கும் சேத்து அடிச்சுவிட்டேன். அக்கா சொல்லலியா?"

அவன் விஷம் தெளித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

அறுவடையில் ஓடைப் பக்கத்து மூலையில் மட்டும் கருது முற்றியிருந்தது. மற்ற இடமெல்லாம் விரல் பருமன், பாதிக்கு மேல் மணி கட்டவில்லை. அவன் காட்டில் வரப்போரத்துச் சால்கள்தான் அதிக விளைச்சல் கண்டன. அடுத்த புரட்டாசியில் இரண்டு காட்டையும் அவனே உழுதான்.