சத்தமில்லாத ஃபேனும் என் பச்சைப் பட்டும்

ஒரு மாசமாக எங்கள் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் லாரி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. "நாளைக்கு மெக்கானிக்க இட்டாறேம்மே" என்று என் வீட்டுக்காரர் தினமும் சொல்வார்.

இன்று நானே ஸ்டூல் மேல் ஏறினேன். சுவிட்சை அணைத்து, இறக்கையில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி, லூசான ஸ்க்ரூவை முறுக்கி, தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டேன். அப்புறம் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அவ்வளவு அமைதி.

பெருமையாக மத்தி மீன் வறுத்தேன்.

அந்தப் புகை நேராக மேல்வீட்டு ஸ்டெல்லா அக்காவின் கொடிக்குத்தான் போகும். மேலேயிருந்து கத்தினார்.

"இன்னாம்மே பண்ணிகினு கீற? ஒன் ஃபேனு சத்தம் கேட்டா தானே நான் துணிய எடுப்பேன்! பாச்சா உருண்டை வாசனை போவட்டும்னு பட்டுப் பொடவைய கொடில போட்டா, மீன் வாசனைய ஏத்தி வுட்டியே! சாயங்காலம் மாதா கோயில்ல கல்யாணம், நான் இன்னாத்த கட்டிகினு போறது?"

"அதையே கட்டிகினு போக்கா. பந்தில பூனைங்கல்லாம் ஒன் பக்கத்துல தான் குந்தும்."

"வாய் மட்டும் நல்லா ஓடுது ஒனக்கு!" சிரித்துக்கொண்டே இறங்கி வந்தவர், நேராக என் பீரோவைத் திறந்தார்.

என் பச்சைப் பட்டு இப்போது ராயபுரத்தில் கல்யாண விருந்தில் இருக்கிறது. அங்கே போயிருப்பவர்கள் கொஞ்சம் எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். அக்கா பிரியாணியை வாயால் சாப்பிடுகிறாரா, மடியால் சாப்பிடுகிறாரா?