ஊசியக்காவும் காணாமல் போன முனையும்

குழந்தைச் சட்டைகள் தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் நூற்றிருபது தையல் மெஷின்கள் ஓடின. நினைத்தால் ஒரு வரிசையையே நிறுத்திவிடக்கூடிய ஆள் ஒருத்திதான்: ஊசியக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரை வருகைப் பதிவேடு மட்டும் நினைவில் வைத்திருந்தது.

யாருடைய ஊசி உடைந்தாலும் துண்டுகளை அவள் மேசைக்குக் கொண்டுவர வேண்டும். வெள்ளைத் தாளில் வைத்துப் பொருத்திப் பார்ப்பாள். முழு ஊசியும் சேர்ந்தால் நோட்டில் ஒட்டிவிட்டுப் புது ஊசி தருவாள். எள்ளளவு குறைந்தாலும் அந்த வரிசை நிற்கும். பச்சைக் குழந்தையின் உடம்பில் குத்தப்போகும் இரும்பு அல்லவா? பதினோரு வருடமாக இதே வேலை. கல்யாண ஆல்பத்தைவிட அந்த நோட்டைத்தான் அவள் அதிகம் புரட்டியிருக்கிறாள். அதிலாவது உடைந்தவை ஒட்டிக்கொண்டிருந்தன.

வீட்டில் கணவர் நாற்காலியை விட்டு எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. "தண்ணி" என்று ஒரு சொல் சொல்வார். விரலைக்கூட அசைக்காமல் அடுக்களையிலிருந்து அவளை அப்படியே இழுத்து வரும் சக்தி அந்தச் சொல்லுக்கு இருந்தது. காந்தத்துக்குக்கூட ஒரு எல்லை உண்டு, அவர் குரல் மொட்டைமாடி வரை எட்டும்.

அவருடைய தங்கை, அதாவது ஊசியக்காவின் நாத்தனார், அதே தொழிற்சாலையில் மூன்றாம் வரிசையில் தைத்தாள். மாமியார் விட்டுப்போன தையல் மெஷின் யாருக்கு என்ற வழக்கில் இருவருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. காந்தத்தின் ஒத்த முனைகள் இரண்டைப் பக்கத்தில் வைத்தது மாதிரி, இவள் சாப்பாட்டறைக்குள் வந்தால் அவள் வெளியே போவாள். வழக்கில் ஜெயித்த ஊசியக்கா வீட்டில் அந்த மெஷின் இப்போது கணவரின் ஈரத் துண்டைத் தாங்கிக்கொண்டிருந்தது.

அன்று காலை உடைந்தது நாத்தனாரின் ஊசி. மேலாளர்தான் முதலில் ஓடிவந்தார். மெஷின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு ஐந்து நிமிடம் திட்டினார். பிறகு நாத்தனார் துண்டுகளைக் கொண்டுவந்து, முகத்தைப் பார்க்காமல் மேசையில் கொட்டினாள். ஊசியக்கா பொருத்தினாள். முனை இல்லை.

வரிசை நின்றது. காந்தக் கோலால் தரையைத் துழாவினார்கள். சட்டைகளை ஒவ்வொன்றாக ஊசி கண்டுபிடிக்கும் மெஷினுக்குள் அனுப்பினார்கள். அது துணியைத் தொடாது, பிரிக்காது. உள்ளே மயிரிழை இரும்பு இருந்தாலும் அலறும். அன்று அது வாயே திறக்கவில்லை.

"மதியத்துக்குள்ள கிடைக்கலைன்னா நீ வீட்டுக்குப் போயிடலாம். நாளைக்கும் வர வேண்டாம்" என்றார் மேலாளர்.

நாத்தனார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். இரண்டு பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்ப்பவள், அழாமல் என்ன செய்வாள்? பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது தெளிவாகவே கேட்டது. "அண்ணிக்காரிதானே நோட்டு வச்சிருக்கா? முனைய எங்க ஒளிச்சாளோ!"

ஊசியக்காவுக்குச் சுரீரென்றது. அவள் நாத்தனாரைச் சபித்திருக்கிறாள், சாடை பேசியிருக்கிறாள். ஊசித் துண்டை மட்டும் ஒளித்ததில்லை. அதற்கென்று ஒரு தர்மம் இருக்கிறதே!

"இன்னொரு தடவை எல்லாத்தையும் விடுங்க" என்றாள்.

"என்ன புதுசா வந்துடப் போகுது? தள்ளு, நானே விடறேன்" என்று மேலாளர் கையை நீட்டினார். மெஷின் ஊரைக் கூட்டியது. அவர் பின்வாங்கினார், அடங்கியது. மறுபடி நெருங்கினார், மறுபடி அலறல்.

"மெஷின் கெட்டுப்போச்சு!"

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். உங்களப் பார்த்தாத்தான் அது கத்துது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஊசியக்காவின் பார்வை அவர் மணிக்கட்டில் விழுந்தது. ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று எவனோ தலையில் கட்டிய காந்த வளையம். போட்ட நாளிலிருந்து அவருக்குக் கோபம் கூடியதே தவிர குறைந்ததில்லை.

"சார், கையக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்க சார்."

வளையத்தின் உள்விளிம்பில், அரிசிக் குருணை போல, ஊசிமுனை ஒட்டிக்கொண்டிருந்தது. மெஷின் மேல் கையை ஊன்றித் திட்டியபோதே அதில் ஏறியிருக்க வேண்டும்.

மேலாளரின் குரல் சட்டென்று தேனானது. "சரிம்மா. தரையில கிடைச்சுதுன்னு எழுதிக்கோ."

"தரையில கிடைக்கலயே சார்."

"எழுதுன்னா எழுது! இல்லைன்னா அவளோட சேர்ந்து நீயும் கிளம்பு."

ஊசியக்கா நோட்டைத் திறந்தாள். எதிரே நாத்தனாரின் வீங்கிய கண்கள். தரையில் கிடைத்ததென்று எழுதினால், இடத்தைப் பெருக்காமல் தைத்த குற்றமும் அவள் தலையில்தான் விழும். பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினாள்: 'மேலாளர் அணிந்திருந்த காந்த வளையத்தில்.' நோட்டை அவர் பக்கம் திருப்பினாள். "கையெழுத்துப் போடுங்க சார். போட்டாத்தான் வரிசை ஓடும்."

நூற்றிருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டார்.

மறுநாள் வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஊசி காணாமல் போவதைத் தடுக்க, பெண் தொழிலாளர்கள் இனி வளையல் அணியக் கூடாதாம். மேலாளர் முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

ஊசியக்கா வெறுங்கையோடு மேசையில் உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் வந்து நின்றாள். அவளுக்கும் வெறுங்கை.

"உன்னால என் கண்ணாடி வளையலும் போச்சு."

"வேலை போகல இல்ல?"

"அதுக்காக நன்றி சொல்லுவேன்னு பார்க்கறியா அண்ணி?"

"உன் வாயில இருந்தா? மெஷின் கூட நம்பாது. ஊசியக் குடு, ஒட்டணும்."

"உடையல. சும்மாதான் வந்தேன்" என்று நாத்தனார் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.