எட்டுச் சுற்று எண்ணிய காலை

1983 பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை, காலை 9 மணி 10 நிமிடம். மூடுபனியால் ஓட்டம் ஏற்கெனவே நாற்பது நிமிடம் தள்ளிப்போயிருந்தது. என் மூக்குக் கண்ணாடியை நான்கு முறை துடைத்துவிட்டேன். சென்னைக்கு வடக்கே உள்ள பழைய விமான ஓடுதளத்தில், ஜூனியர் மோட்டார் சைக்கிள் ஓட்டத்துக்கு இருபத்திரண்டு வண்டிகள் வரிசையில் நின்றன. இருபத்தொன்றில் பையன்கள். ஒன்றில் என் மகள், வயது இருபது.

நான் அப்போது திருத்தணியில் ஒரு நெசவாளர் சங்கத்தில் குமாஸ்தா. தறி வீடுகளுக்கு நூல் சிட்டங்களை எண்ணிக் கொடுப்பது வேலை. எனக்கு முழங்கால் வலி வந்த வருடம், மகள்தான் என் மைத்துனரின் பழைய வண்டியில் நூல் கட்டை ஏற்றிக்கொண்டு கே.ஜி.கண்டிகை வரை போய்வந்தாள். எனக்கு ஐம்பது நிமிடம் பிடிக்கும். அவள் இருபத்தெட்டில் திரும்பினாள். நான் திட்டினேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த மைத்துனர் திட்டவில்லை. வண்டியின் ஹெட்லைட்டையும் மட்கார்டையும் கழற்றி, அவளைப் பந்தயத்துக்கு அழைத்துப்போனார்.

முதல் ஓட்டத்தில் பத்தொன்பது பேரில் பதினாறாவது. அடுத்ததில் பதினொன்றாவது. மூன்றாவதில் ஆறாவது. அதைப் பார்த்துவிட்டு ஒரு வண்டிக் கம்பெனி ஆள், பிப்ரவரி ஓட்டத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவர்களுக்குக் கம்பெனியே வண்டி கொடுத்து சீனியர் வகுப்பில் ஓட்டவைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மைத்துனருக்கும் கையைக் கடித்தது. "பாவா, இதுதான் கடைசி. கம்பெனி வண்டி வந்தா நல்லது. வரலன்னா இத வித்துடுவேன். எத்தினி நாளு கஸ்டமர் வேலைய போட்டுட்டு இவ பின்னாடி சுத்திகினு இருப்பேன்?" என்றார்.

ஆகவே அந்தக் காலையில் மூன்றாவது இடம் வேண்டும். இல்லாவிட்டால் அவள் நூல் கட்டோடு பஸ்ஸில்தான் போக வேண்டும்.

முந்தின நாளே வண்டி லாரியில் போய்விட்டது. எங்கள் ஊரில் வண்டி வாங்கிய எவரும் மலைக்கு ஏற்றிப் பூஜை போடாமல் ஓட்டமாட்டார்கள். இந்த வண்டி ஒருமுறைகூட மலை ஏறவில்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் சனிக்கிழமை மாலை நான் மட்டும் ஏறி, சந்தனமும் குங்குமமும் இலையில் மடித்து வாங்கிவந்து, விடியற்காலை ரயிலைப் பிடித்தேன். அதிகாரிகள் வண்டிகளைச் சோதித்து முடித்து, வரிசையில் நிறுத்திய பிறகுதான் என்னால் கிட்டே போக முடிந்தது. மகள் குனிந்து கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நைனா, சீக்கிரம் போங்க. கொடி காட்டப் போறாங்க."

"ஆங், ஒரு நிமிஷம்."

ஹெட்லைட் மேல்தான் பொட்டு வைப்பது வழக்கம். ஹெட்லைட் இல்லை. பனி படிந்த கண்ணாடி வழியே அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தகடு தெரிந்தது. அதில் தாராளமாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்துவிட்டு வேலிக்குப் பின்னால் ஓடினேன்.

எட்டுச் சுற்று ஓட்டம். நூல் சிட்டம் எண்ணும்போது பத்துக்கு ஒன்றாக நூலில் முடிச்சுப் போடுவேன். அன்று சுற்றுக்கு ஒரு முடிச்சு. மூன்றாம் முடிச்சில் ஏழாவதாக வந்தாள். ஐந்தாம் முடிச்சில் ஐந்தாவது. எட்டாம் முடிச்சைப் போடும்போது அவளுக்கு முன்னால் இரண்டே வண்டிகள்.

முடிவுப் பலகையில் முதல் பத்தில் அவள் எண் இல்லை. இருபதாவது வரியில் இருந்தது: ஆறு சுற்று.

நான் கொதித்துப்போனேன். ஆட்சேபம் எழுதிக் கொடுக்க நூறு ரூபாய் கட்ட வேண்டும். சொன்னது சரியானால் திரும்பக் கிடைக்கும். யோசிக்காமல் கட்டினேன். தொப்பி போட்ட அதிகாரியிடம் நூலைக் காட்டினேன்.

"எண்ணிப் பாருங்க சார். எட்டு."

"நூல்ல முடிச்சு போட்டு வந்தா ரிசல்ட்ட மாத்த முடியுமா பெரியவரே? எங்க ஆளுங்க நம்பரப் பாத்துதான் எழுதறாங்க."

"அப்ப உங்க ஆளுங்களுக்குக் கண்ணு தெரியல."

"வாங்க, வண்டியவே பாக்கலாம்."

போனோம். அந்த வெள்ளைத் தகடுதான் எண் பலகை. பனியில் குங்குமம் கரைந்து, காற்றில் இழுபட்டு, சந்தனத்தோடு குழம்பி, பலகை முழுக்கச் செம்மண் மெழுகியதுபோல் இருந்தது. எண் இருக்கிற இடமே தெரியவில்லை. ஆறு முறை கண்டுபிடித்து எழுதியதே அவர்கள் சாமர்த்தியம்தான்.

"இத யாரு வெச்சது?" என்றார் அதிகாரி.

மைத்துனர் என்னைப் பார்த்தார். "பாவா, ஊர்ல எவனாவது நம்பர் மேல பொட்டு வெப்பானா?"

மகள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். கத்தவில்லை. "எட்டு சுத்து எண்ணினீங்களே நைனா, ஒரு சுத்துலகூடவா போர்டு கண்ணுல படல?" என்றாள்.

படவில்லை. வளைவில் அவள் தோள் சாயும் விதத்தை வைத்தே அவளை நான் எண்ணினேன். எனக்கு நம்பர் தேவைப்படவில்லை. இதைச் சொல்லத் தோன்றியது. சொல்லி என்ன பிரயோசனம். நூறு ரூபாயைத் திருப்பித் தரமாட்டோம் என்று ரசீதில் எழுதிக் கொடுத்தார்கள். நான்காவதாக வந்த பையன் மூன்றாவது ஆனான், கம்பெனி வண்டியும் அவனுக்கே போயிற்று. அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

 மறுநாள் காலை சங்கத்துக்குப் போகும் வழியில் ஷெட்டில் ஏறி, வண்டியை நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். மைத்துனர் ஐம்பது ரூபாய்கூடக் குறைக்கவில்லை. அவள் இன்னொரு வருடம் அதே வண்டியில், அதே ஜூனியர் வகுப்பில் ஓட்டினாள். நான் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றேன். அடுத்த பிப்ரவரியில் இரண்டாவதாக வந்தாள்; கம்பெனி வண்டி கிடைத்தது. இருபதில் கிடைத்திருக்க வேண்டியது இருபத்தொன்றில் கிடைத்தது. அந்த ஒரு வருடத்தைக் கணக்கில் சேர்க்க எனக்குத் தெரியவில்லை. மற்றதெல்லாம் தெரியும்: வண்டி விலை 2,750, ஆட்சேபக் கட்டணம் 100, அந்த வருடத்து டயர், பெட்ரோல், லாரி வாடகை, நுழைவுக் கட்டணம் 1,118.50. ஆக மொத்தம் 3,968 ரூபாய் 50 காசு.