இசைத்தட்டில் கேட்கும் கை

எங்கள் அண்ணரின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியில் இந்நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உங்களில் பெரும்பாலானோர் அவரை லண்டன் ஹரோவில் கட்டில், மேசை விற்கும் தளபாடக் கடை வைத்திருந்தவராகவும், சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை வான் வண்டியில் ஏற்றி இறக்கியவராகவும் அறிவீர்கள். ஓர் இத்தாலிய இசைத்தட்டில் அவரது வலது கை ஒலிப்பது சிலருக்கே தெரியும். அதைப் பற்றி எழுதும்படி அண்ணி தம்பியாகிய என்னிடம் கேட்டுக்கொண்டார்.

அண்ணர் இணுவிலில் பிறந்தார். எங்கள் வீட்டில் எவரும் வாத்தியம் வாசித்ததில்லை. ஆனால் கோயில் திருவிழாக்களில் தவில் கேட்டு வளர்ந்த எங்களூரவருக்குப் பாட்டுக் கேட்கும்போது கை சும்மா இருக்காது. தொடையில் தாளம் விழும். எண்பதுகளில் ஊரைவிட்டுப் புறப்பட்டு, இத்தாலியின் ஜெனோவாவில் ஒரு தளபாடக் கடையில் வான் ஓட்டும் வேலையில் சேர்ந்தார். முதல் ஆண்டுகள் கடினமானவை. விசா இல்லை, மொழி தெரியாது, ஒரே அறையில் பலர்.

கடை முதலாளி எழுபதுகளில் ஒரு ரொக் இசைக்குழுவில் ஓர்கன் வாசித்தவர் என்பது பின்னரே தெரியவந்தது. குழுவின் பெயருக்குத் தமிழில் 'உப்பு வீடு' என்று பொருள். நண்பர்கள் ஐவர். முதல் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. இரண்டாவது, துறைமுகத்தைவிட்டுப் போக மறுக்கும் ஒரு கப்பலின் கதை. அதுவே அவர்களது சிறந்த ஆக்கம் என்பார்கள். மூன்றாவதற்கு இசைத்தட்டுக் கம்பனி சின்னப் பாட்டுகளைக் கேட்டது. கொடுத்தார்கள். பழைய ரசிகர்களும் வாங்கவில்லை, புதியவர்களும் வாங்கவில்லை. குழு கலைந்தது. முதலாளி தகப்பனின் கடைக்குத் திரும்பினார்.

தொண்ணூறுகளில் ஐவரும் மீண்டும் கூடி நான்காவது இசைத்தட்டைப் பதிந்தார்கள். ஓர்கனைக் கடை வானில் ஏற்றிச் சென்றவர் அண்ணர். இறக்கிவைத்துவிட்டு அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார். ஏழு அட்சரத்தில் ஓடும் நீண்ட பாட்டொன்று. நடுவில் ட்ரம்ஸ் நின்றுவிட ஓர்கன் தனியே போகவேண்டும். அந்த இடத்தில் முதலாளி திரும்பத் திரும்பத் தடுக்கினார். கடைசியில் ஒரு தடவை பிசகாமல் போயிற்று. பதிந்ததைப் போட்டுக் கேட்டபோது ஓர்கனுக்கு அடியில் தட், தட் என்று ஒரு சத்தம். ஒலிப்பதிவாளர் மைக்குகளைச் சோதித்தார். பிறகு எல்லோரும் பெட்டியின் மேல் இருந்தவரின் தொடையைப் பார்த்தார்கள். அண்ணர் அதே ஏழு அட்சரத்துக்கான நம் தாளம், மிஸ்ர சாபு, போட்டிருக்கிறார். மன்னிப்புக் கேட்டு எழுந்தவரை முதலாளி மறித்து, தான் பிசகாமல் வாசித்தது அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் என்றார். அந்தப் பதிவே இசைத்தட்டில் வெளிவந்தது.

மகளின் படிப்புக்காகக் குடும்பம் லண்டன் வந்தது. சில ஆண்டுகள் பிறருக்கு வான் ஓட்டியபின் அண்ணர் சொந்தக் கடை திறந்தார். இத்தாலியிலிருந்து புதிதாக வரும் எம்மவருக்கு அறை தேடிக் கொடுப்பார். கட்டிலும் கதிரையும் தானே கொண்டுபோய் இறக்குவார். வானில் எப்போதும் அந்தப் பாட்டுத்தான். "இது துவங்க முந்திச் சோறு அவிஞ்சிடும்," என்பார் அண்ணி. தன் கையைப் பற்றி அண்ணர் பெருமை பேசியதில்லை. அந்த இடம் வரும்போது சத்தத்தை மட்டும் சற்றுக் கூட்டிவிடுவார்.

ஊரிலிருந்து வந்த போர்ச் செய்திகளால் நம் எல்லோரது வீடுகளும் கனத்திருந்த இந்த ஆண்டில்தான் அவருக்கு நோய் என்று தெரிந்தது. அதே நாட்களில் முதலாளி தொலைபேசியில் அழைத்தார். நான்கு இசைத்தட்டுகளும் சிடியாக வரப்போகின்றன, பழைய இரைச்சல்களையெல்லாம் துப்புரவாக்குகிறார்கள் என்று மகிழ்ச்சியோடு சொன்னார். நோயைப் பற்றி டொக்டரிடம் அதிகம் கேட்காத அண்ணர், இதைப் பற்றி ஓயாமல் யோசித்தார்.

"அவங்களுக்கு அது ஊத்தைதானே," என்றார் என்னிடம். "துடைச்சுப் போடுவாங்கள்."

"ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன் அண்ணை," என்றேன்.

தனக்கென்று எவரிடமும் எதுவும் கேட்டறியாதவர், கேட்டார். அந்த வேலையைச் செய்பவர் கம்பனியில் இருக்கும் ஓர் இளைஞர், சொல்லிப் பார்க்கிறேன், உறுதி தர இயலாது என்றார் முதலாளி. பிறகு தகவல் இல்லை.

சிடி தபாலில் வந்தபோது அண்ணருக்கு மாடி ஏற ஏலாதிருந்தது; கட்டிலை முன்னறைக்கு இறக்கியிருந்தோம். மகள் பாட்டைப் போட்டார். ட்ரம்ஸ் நின்றது. ஓர்கன் தனியே நுழைந்தது. அடியில் தட், தட். முன்பைவிடத் தெளிவாகவே கேட்டது. அண்ணர் கண்களை மூடி முடியும்வரை கேட்டார்.

"ஏழு தப்பேல்லை," என்றார். "கடைசியிலை மட்டும் கொஞ்சம் பிந்திப் போச்சு."

"பிந்திறது உங்களுக்குப் புதிசே?" என்றார் அண்ணி. அண்ணர் சிரித்தார். எஞ்சிய வாரங்களை அமைதியாகவே கழித்தார்.

தகனச் சாலையில் தேவாரம் முடிந்ததும் அந்தப் பகுதியைப் போட மகள் விரும்பினார். இந்த இடத்தில் அது பொருந்துமா என்று சிலர் தயங்கியபோது, உறவில் மூத்தவர் ஒருவர், "அவரின்ரை கைதானே, விடுங்கோ," என்றார்.

அண்ணரைப் பராமரித்த டொக்டர்களுக்கும் தாதியருக்கும், ஆர்ச்வே முருகன் கோயில் அன்பர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சமைத்துக் கொண்டுவந்த அயலவர்க்கும், அந்தச் சத்தத்தைத் துடைக்காமல் விட்ட முகம் தெரியாத இத்தாலிய இளைஞருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தகனச் சாலையில் அன்று ஓர்கன் தனியே போனபோது பின்வரிசைகளிலிருந்தும் தட், தட் என்று கேட்டது. திரும்பிப் பார்த்தேன், எங்களூரவர் தம்மை அறியாமல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கைகளுக்கும் நன்றி.