சோட்டுவுக்காக எழுதிய மொட்டைக் கடிதம்

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், பம்பாய்ச் செம்பூரில் எங்கள் கட்டடம் முழுக்க ஓய்ந்து கிடக்கும் நேரத்தில், இரும்புச் சங்கிலி ஒன்று கல் தரையில் இழுபடும் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு முழம் இழுபடும், நிற்கும், பிறகு அதே ஒரு முழம் திரும்பி வரும். அறுபதுகளின் நடுவில், எனக்குப் பத்து வயதாக இருந்த அந்த மழைக்காலத்தை நினைத்தால் இன்றும் முதலில் காதில் விழுவது மழை இல்லை, அந்தச் சங்கிலிதான்.

சங்கிலியின் ஒரு முனை பக்கத்து வீட்டுச் செல்லையா அண்ணாச்சியின் ஜன்னல் கம்பியிலும், மறுமுனை சோட்டு என்ற நாயின் கழுத்திலும் இருந்தன. எல்லா வீட்டு வாசலையும் தொட்டுக்கொண்டு போகும் நீண்ட பொது நடையை நாங்கள் 'கேலரி' என்போம். அதில் ஒரு சாக்கு விரிப்புதான் சோட்டுவின் இடம். சோட்டு என்றால் இந்தியில் பொடியன். குட்டியாக வந்தபோது வைத்த பெயர். அது வளர்ந்து என் இடுப்பைத் தொட்ட பிறகும் யாரும் மாற்றவில்லை. என் இடுப்பு அப்போது அத்தனை உயரத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர், பரேலில் ஒரு துணி மில்லில் வேலை. நாயை வளர்த்தவர் அவர் மனைவி தங்கம் அக்கா. மழை தொடங்கும் சமயத்தில் அக்கா "ஊருக்குப் போயிருக்கா" என்று அண்ணாச்சி சொன்னார். அதிலிருந்து சோட்டு இளைக்கத் தொடங்கியது. விலா எலும்பை எண்ணலாம் என்பார்களே, நான் உண்மையாகவே எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு வந்தது, அது என் கணக்குப் பாடத்தின் குறை. அண்ணாச்சியோ விடியற்காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். ஞாயிற்றுக்கிழமையிலும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கேயோ கிளம்பிவிடுவார்.

"ஆசைக்கு வளக்கறது, அப்புறம் கட்டிப் போட்டுட்டு ஊர் சுத்தறது" என்றாள் அம்மா. கட்டடமே அப்படித்தான் சொன்னது. எல்லோரும் நாயைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். அண்ணாச்சியைப் பார்த்தால் "இன்னைக்கு மழை ஜாஸ்தி" என்றார்கள். அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் என் அப்பாவின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் அவர் ஸ்டெனோ. எதுவானாலும் லெட்டர் எழுதுவார். பாலில் தண்ணீர் கலந்திருந்தாலும் லெட்டர், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் லெட்டர். "வாயால சொன்னா அன்னியோட போச்சு. எழுத்துல இருந்தா ஃபைல்ல நிக்கும்" என்பார். அப்படிப்பட்டவருக்குப் பிறந்தவன், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி 'சோட்டு ஏன் இளைக்கிறான்' என்று கேட்பானா? நானும் லெட்டர் எழுதினேன்.

இங்கிலீஷில்தான் எழுதினேன், பயம் வருமே என்று. சொந்த இங்கிலீஷ் கைவசம் இல்லாததால், குழாய் விஷயமாக அப்பா எழுதிய லெட்டரின் கார்பன் நகலை எடுத்து, 'குழாய்' என்று வந்த இடத்திலெல்லாம் 'நாய்' என்று போட்டேன். ஆகவே அந்தக் கடிதத்தின் சாரம் இது: மேற்படி நாய் சென்ற மாதம் முதல் வறண்டு கிடக்கிறது, உடனே தங்கள் ஆளை அனுப்பிப் பார்வையிடவும், தவறினால் விஷயம் மேலிடத்துக்குப் போகும். என் எழுத்து தெரியாமலிருக்க எல்லாவற்றையும் அச்செழுத்துப் போல எழுதினேன், கையெழுத்துப் போடவில்லை. அண்ணாச்சியின் கதவு இடுக்கில் செருகிவிட்டு வந்து, ஒரு தேசத்தையே காப்பாற்றியவன் போலத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணாச்சி எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் என் லெட்டர்.

"சார், யாரோ கதவுல வச்சிட்டுப் போயிருக்கான். இங்கிலீசு. என்னன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க."

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதை நான் யோசிக்கவே இல்லை. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "பேர் போடலை, மொட்டைக் கடுதாசி. ஆனா ஆபீஸ் பழக்கம் உள்ளவன்தான் எழுதியிருக்கான். என்ன ஒரு டிராஃப்ட், தண்ணி மாதிரி ஓடறது" என்றார். என் இங்கிலீஷை அப்பா பாராட்டியது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். அதையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்க வேண்டியதாயிற்று.

பிறகு அவர் விஷயத்தைச் சொன்னார். "நாயைப் பட்டினி போடறேள்னு எழுதியிருக்கான். கவனிக்கலேன்னா மேலிடத்துக்குப் போவானாம்."

அண்ணாச்சி திரும்பிச் சோட்டுவைப் பார்த்தார். "காலைல பாலும் பாவ் ரொட்டியும் வச்சிட்டுத்தான் சார் போறேன். வந்து பாத்தா எறும்புதான் திங்கு. அவ தன் தட்டை எடுத்துட்டு வந்து அவன் பக்கத்துல உக்காந்து தின்னாத்தான் அவனும் திம்பான். அப்படிப் பழக்கி வச்சிருக்கா."

"ஊர்லேர்ந்து எப்ப வரா?"

"ஊருக்குப் போகல சார்." குரல் இறங்கியது. "நெஞ்சுச் சீக்கு. ஆஸ்பத்திரியில கெடக்கா. மில்லு விட்டு நேரா அங்கதான் போறேன். போனதும் மொதக் கேள்வி, சோட்டு சாப்பிட்டானான்னுதான். சாப்பிட்டான்னு சொல்லிட்டு வாறேன்."

காசநோய் என்று பெயரைச் சொன்னாலே குழாயடியில் பாத்திரங்கள் தள்ளி வைக்கப்படும் காலம் அது. அக்கா குணமாகித் திரும்பி வந்தாலும் அவள் தொட்ட குடத்துக்குப் பக்கத்தில் யாரும் குடம் வைக்க மாட்டார்கள். அதனால்தான் 'ஊருக்கு'.

"ஒரு பதில் எழுதிக் குடுங்க சார்" என்றார் அண்ணாச்சி.

"பேரில்லாதவனுக்கு எங்கே அனுப்பறது?"

"இந்தக் கட்டடத்து ஆளுதான. படிக்கட்டுல ஒட்டிப் போடுதேன். எல்லாரும் பாக்கட்டும்."

"ஆஸ்பத்திரி விஷயத்தையுமா?"

"அதை எழுதாம நான் எப்படி ஒழுங்கான ஆளு ஆவேன்? வாயில்லாச் சீவனைப் பட்டினி போட்டவன்னு பேரு எடுக்கதுக்கு அது தேவலை, சார்."

அப்பாவுக்கு மனமில்லை, ஆனாலும் வாசகம் சொன்னார். தமிழில் நல்ல கையெழுத்தாக எழுத அழைக்கப்பட்டவன் யார் என்று நினைக்கிறீர்கள்? எனக்கு நானே பதில் எழுத உட்கார்ந்தேன். 'என் மனைவி' என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. மனத்துக்குள் யோசனைகள் ஓடின: பசையைக் குறைத்து ஒட்டினால் மழையில் விழுந்துவிடும், ஒருவரும் வாசிக்க முடியாதபடி கிறுக்கி வைக்கலாம். எதுவும் தேறவில்லை. கடைசியில் வகுப்பில் தூக்குவது போலக் கையைத் தூக்கினேன்.

"அப்பா, ஒட்ட வேண்டாம். எழுதினவன் கேட்டுண்டாச்சு."

அப்பாவுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. லெட்டரை மறுபடி எடுத்துப் பார்த்தார். "இது நம்ம குழாய் லெட்டராச்சே" என்றார். அவர் முகத்தில் கோபத்தைவிட, டிராஃப்டைத் தனதென்று கண்டுகொள்ளாமல் போன ஸ்டெனோவின் வெட்கம்தான் அதிகம்.

நான் அடிக்குத் தயாராக நின்றேன். அண்ணாச்சி, நான் பாதி எழுதிய பதிலை வாங்கி நாலாகக் கிழித்தார். "எலே, அடுத்த கதவுதான. தட்டிக் கேட்டா கடிச்சா போடுவேன்? சோட்டுகூடக் கடிக்க மாட்டானே" என்றார். பிறகு, "நாளைலேருந்து உன் தட்டை எடுத்துட்டு வந்து அவன் பக்கத்துல உக்காரு. மேலிடத்துக்கெல்லாம் பொறவு போலாம்" என்றார்.

அம்மா ஓர் அலுமினியத் தட்டை ஒதுக்கினாள். "இது சமையலறைப் பக்கம் வரப்படாது. நீயும் காலை அலம்பாம வரப்படாது." பள்ளி விட்டு வந்ததும் கேலரியில் சாக்குக்குப் பக்கத்தில் எனக்குப் பலகாரம். மூன்று நாள் சோட்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. நாலாம் நாள் ஒரு விள்ளல் தோசையை முகர்ந்தது. பிறகு தின்றது. மாடிக்குப் போகிறவர்கள் நான் ஏதோ தப்புச் செய்து வெளியே தள்ளப்பட்டதாக நினைத்துக்கொண்டார்கள். அது பாதி உண்மைதான் என்பதால் நான் மறுக்கவில்லை. காரணத்தை வீட்டில் ஒருவரும் வெளியே விடவில்லை.

தீபாவளிக்கு முன் தங்கம் அக்கா திரும்பி வந்தாள், கட்டடத்தைப் பொறுத்தவரை ஊரிலிருந்து. சோட்டு அவளைக் கீழே தள்ளாத குறை. அன்று சாயங்காலம் அவள் அம்மாவிடம் சொன்னாள்: "சாப்பிட்டான், சாப்பிட்டான்னு மட்டும் இவுக சொல்லிட்டு இருந்தாக. நான் நம்பவே இல்ல. ஒருநா வந்து, 'அடுத்த வீட்டுப் பையன் தோசைல சீனி தொட்டுக் குடுக்கான், இவன் சீனியை நக்கிட்டுத் தோசையை அவன் பக்கமே தள்ளுதான்'ன்னாக. அன்னைக்குத்தான் கண்ணை மூடித் தூங்குனேன். இவுகளுக்கு அப்படியெல்லாம் பொய் கட்டத் தெரியாது."

இன்று அந்த இடத்தில் இருபது மாடிக் கட்டடம் நிற்கிறது. அதிலேயே ஒரு வீட்டில்தான் இருக்கிறேன். கேலரி இல்லை. வீட்டுக்கு இரண்டு கதவு, இரண்டும் சாத்தியே இருக்கும். போன மாதம் எதிர் வீட்டுக்குள் ஒரு நாய் பகலெல்லாம் அழுதுகொண்டிருந்தது. கட்டடத்து வாட்ஸாப்பில் ஆளாளுக்கு எழுதினார்கள். நானும் 'தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது' என்ற பொருளில் இங்கிலீஷில் ஆரம்பித்துவிட்டேன். ரத்தம் சும்மா இருக்குமா?

பிறகு அதை அழித்தேன். ஒரு தட்டில் இரண்டு தோசையும் ஓரத்தில் கொஞ்சம் சீனியும் வைத்துக்கொண்டு எதிர் வீட்டு மணியை அடித்தேன். கதவைப் பாதி திறந்த பெண் என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். "சாப்பிட மாட்டேன் என்கிறதா?" என்று இந்தியில் கேட்டேன். அவள் மீதிக் கதவையும் திறந்தாள்.