எதெல்வினா சொல்லாமல் விட்டது

எங்கள் மலையில் எல்லோருக்கும் நாவாத்ல் மொழி வரும். அதை ஸ்பானிஷில் திருப்பிச் சொல்லத் தெரிந்தவள் எதெல்வினா ஒருத்திதான். பதினோரு வருடம் பச்சூகா நகரத்தில் வீட்டுவேலை செய்தவள். திட்டு வாங்கி வாங்கியே ஒவ்வொரு சொல்லாகக் கற்றாள். ஒரு நோட்டில் இடப்பக்கம் நம் சொல்லையும் வலப்பக்கம் அவர்கள் சொல்லையும் எழுதிவைத்தாள். எஹெகத்ல் என்றால் வியெந்தோ, காற்று. த்லித்ல் என்றால் ஃபுவேகோ, நெருப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அவளைக் கூட்டிக்கொள்ளாமல் அவள் வீட்டைத் தாண்டிப் போனதில்லை.

அவள் மகளுக்கு நாற்பது நாள் குழந்தையாக இருந்தபோது மூச்சு முட்டியது. வெள்ளத்தில் தன் லாரியை இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றியவர் எங்கள் ஊர் நிலக்காரர் டான் அபுந்தியோ. அந்தக் குழந்தைக்கு ஞானத்தகப்பனும் அவரே ஆனார். அன்றிலிருந்து அவர் இவளுக்குக் கோம்பாத்ரே, பெற்றவளான இவள் அவருக்குக் கோமாத்ரே. அந்த உறவில் ஒருவர் முகத்துக்கு நேரே மற்றவர் குறை சொல்வது எங்களிடம் கிடையாது.

போன ஏப்ரலில் புதுப்புல் முளைக்க அபுந்தியோவின் மேய்ச்சல் நிலத்தைக் கொளுத்தியபோது தீ மேட்டுக்குத் தாவி, தனியாக இருந்த ஒரு கிழவர் குடிசையோடு வெந்துபோனார். கொளுத்திய கூலிக்காரன் திபுர்சியோவைப் பிடித்தார்கள். தான் கொளுத்தவே சொல்லவில்லை என்றார் அபுந்தியோ.

விசாரணைக்கு அவன் மனைவி செனாய்தாவோடு துணைக்குப் போனேன். மொழிபெயர்க்க எதெல்வினா வந்தாள். அபுந்தியோ முன்வரிசையில் இருந்தார்.

"வாங்க கோமாத்ரே, பாப்பா நல்லாருக்காளா?"

"உங்க புண்ணியத்துல நல்லாருக்கா, கோம்பாத்ரே."

திபுர்சியோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினான்.

"அன்னிக்குக் காத்து சுழட்டி அடிச்சுது. நாளைக்குக் கொளுத்தலாம் ஐயான்னு மூணு தரம் சொன்னேன். அவரே தீப்பெட்டியை என் கையில வச்சு, 'கொளுத்துடா, எனக்குத் தெரியும்'னாரு. அந்தத் தாத்தா எங்கப்பாவோட ஒண்ணா விதைச்சவருங்க. தெரிஞ்சு செய்வேனா?"

எதெல்வினா அபுந்தியோவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி ஸ்பானிஷில் சொன்னாள்.

"காத்து அடிச்சுதாம். இவன்தான் கொளுத்தினானாம். வருத்தமா இருக்காம்."

எழுத்தர் சிரித்தார். "இவ்வளவு நேரம் பேசினான், இதுதானா?"

"எங்க மொழி அப்படித்தான் ஐயா. சுத்தி வளைக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். புரியாமல் திபுர்சியோவும் சிரித்தான்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனாலும் அவ்வளவு ஸ்பானிஷ் எனக்குப் புரியும். எழுந்து சொல்லியிருக்கலாம். செனாய்தாவின் கைக்குழந்தை என் மடியில் தூங்கியது. எழுந்தால் விழித்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆறு வருடம் என்று தீர்ப்பானது. அதையும் எதெல்வினாதான் அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் சொன்னதெல்லாம் சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன் தம்பி."

"அப்பச் சரி. கேட்டும் நம்பலைன்னா அவங்க பாவம்." குனிந்து அவள் கையைத் தொட்டு நன்றி சொல்லிவிட்டுக் காவலர்களோடு போனான்.

அதன்பிறகு யார் கூப்பிட்டாலும் எதெல்வினா ஸ்பானிஷ் மறந்துவிட்டது என்கிறாள். ஆஸ்பத்திரியில் பெண்கள் வலிக்கும் இடத்தைக் கையால் காட்டுகிறார்கள்.

சிறைக்குப் போய்வரும் ஞாயிறுதோறும் செனாய்தா அவள் வாசலில் நிற்பாள். "எனக்காகப் பேசின அக்காவுக்குக் குடுன்னு அவரு சொன்னாரு" என்று வாழையிலையில் கட்டி வேகவைத்த சோளமாவுத் தமாலேயை நீட்டுவாள். எதெல்வினா வாங்கிக்கொள்கிறாள். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டுமே. பக்கத்து வீட்டுக்காரி நான், வேலிக்கு இந்தப்பக்கம் நின்று பார்க்கிறேன்.