பிறந்த வீட்டுக் கோயிலில் ஓர் அடுப்புக்கு இடம்

எங்கள் அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அம்மாவை நன்கு அறிந்தவர்கள்தான். ஆனால் ஆளுக்கொரு விதமாக அறிந்தவர்கள். குளத்தூர்க்காரர்களுக்கு அவர் ஆலங்குடிப் பக்கத்துப் பெண். ஆலங்குடிப் பக்கத்தாருக்கோ குளத்தூரில் கட்டிக்கொடுத்த பெண். இரண்டு ஊருக்கும் பொதுவாக, சொந்தக்காரர்களைக் கதையில் எழுதிவிட்டவர். முழுதாகச் சொல்ல வேண்டியது மகளாகிய என் கடமை.

ஆலங்குடிக்குப் பக்கத்தில், கடலையும் முந்திரியும் விளைகிற ஊரில் அம்மா பிறந்தார். கூடப் பிறந்தவர் ஓர் அண்ணன் மட்டுமே. அவர்தான் எங்கள் மாமா. தகப்பனார் சீக்கிரமே காலமாகிவிட்டதால், தங்கையைப் படிக்கவைத்துத் தட்டச்சு வகுப்புக்கும் அனுப்பியவர் மாமாதான். அந்தத் தட்டச்சுதான் அம்மாவுக்கு ஒன்றிய அலுவலகத்தில் வேலை வாங்கிக் கொடுத்தது. நானும் தம்பியும் பள்ளியில் படிக்கும்போதே அப்பா தவறிவிட்டார். அதன்பிறகு எங்களைக் கரையேற்றியதும் அதே வேலைதான். மனு எழுதத் தெரியாமல் யார் வந்து நின்றாலும் அம்மா தட்டச்சு செய்து கொடுப்பார். சமையல் மட்டும் அவருக்கு வரவில்லை. அம்மாவின் ரசத்தைப் பற்றி நினைவு மலரில்கூட என்னால் பொய் சொல்ல முடியாது.

ஓய்வு பெற்ற பிறகுதான் அம்மாவுக்குப் புத்தகப் பித்துப் பிடித்தது. புதுக்கோட்டையில் நடந்த புத்தகத் திருவிழாவுக்கு எனக்குத் துணையாக வந்தவர், பெண்கள் எழுதிய நாவல்களாகப் பார்த்து ஒரு பை நிறைய வாங்கிவந்தார். எல்லாம் இந்தக் காலத்து எழுத்து. பஸ்ஸில் படித்தார், ரேஷன் கடை வரிசையில் படித்தார், அடுப்பில் பால் பொங்கி வழிய வழியப் படித்தார். ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "எல்லாரும் அவங்கவங்க வீட்டத்தான் எழுதியிருக்காங்க. பொறந்த ஊரா, வாக்கப்பட்ட ஊரா, எது நம்ம ஊருன்னு. இதயெல்லாம் எழுதலாம்னு எனக்கு யாருமே சொல்லலையே."

அம்மாவே எழுத உட்கார்ந்துவிட்டார். தம்பியின் பழைய கணினியில் அவர் தட்டுகிற சத்தம் தகரக் கொட்டகையில் மழை பெய்வது போலக் கேட்கும். கதை அவருடைய சொந்தக் கதைதான். புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி, பிறந்த வீட்டு அய்யனார் கோயில் திருவிழாவுக்குப் புதுப்பானையோடு வருகிறாள். பங்காளிகள் பொங்கல் வைக்கும் வரிசையில் தானும் மூன்று கல்லைக் கூட்டி அடுப்புப் போடுகிறாள். கட்டிக்கொடுத்த பெண் விருந்தாளிதான், வரிசையில் அவளுக்கு இடமில்லை என்று பெரியவர்கள் சொல்ல, அவளுடைய அண்ணனே அந்தக் கற்களை எடுத்துப் போடுகிறான். அவள் பானையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறாள்.

புத்தகம் வந்ததும் சொந்தபந்தம் கொதித்துவிட்டது. தங்களை அதில் கண்டவர்களுக்குக் கோபம். எங்கள் சித்தப்பா ஒருவருக்கோ, தேடித் தேடிப் பார்த்தும் தான் வரவில்லை என்று அதைவிடக் கோபம். மாமா புத்தகத்தைத் தொடவே இல்லை. யாரோ சொல்லக் கேட்டு, தங்கச்சி ஊர் சிரிக்க வைத்துவிட்டாள் என்று எங்கள் வாசல் மிதிப்பதை நிறுத்திவிட்டார். தம்பி கல்யாணத்தில் தாய்மாமன் மாலை போட மாமா வரவில்லை. அவருக்காகப் போட்ட நாற்காலியில் அம்மா கடைசிவரை யாரையும் உட்கார விடவில்லை. அன்று நான் அழுதேன், அம்மா அழவில்லை.

பிறகு அம்மாவுக்கு நோய் வந்தது. பிழைப்பது கடினம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். நாவலின் மறுபதிப்பு வரவிருந்த நேரம் அது. அந்த அடுப்பு அத்தியாயத்தை எடுத்துவிட்டால் அண்ணன் வந்துவிடுவார் என்று உறவினர்கள் அம்மாவிடம் எடுத்துச் சொன்னார்கள். நானும் சொன்னேன். அம்மா மறுத்துவிட்டார். "அத எடுத்துட்டா அது வேற யாரு வீட்டுக் கதையோ. எனக்குக் கதையும் இருக்கணும், அண்ணனும் வரணும்."

அந்தச் சமயத்தில் மாமாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். டிவி பார்க்கக் கூடாது என்று படுக்க வைத்திருந்தபோது, அவர் மகனைக் கட்டிய மருமகள் பொழுதுபோக்குக்கு ஒரு கதை வாசிக்கிறேன் என்று தொடங்கி, எந்தக் கதை என்று சொல்லாமலே அம்மாவின் நாவலை வாசித்துவிட்டார். பாதியிலேயே மாமாவுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை. கல்லை எடுத்துப் போட்ட அண்ணன், அதே அத்தியாயத்தின் கடைசியில் தங்கையின் பின்னாலேயே பஸ் நிறுத்தம்வரை ஓடி, பஸ் மறையும்வரை நின்று அழுகிறான். அந்தப் பக்கத்தைப் பற்றி அவரிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

மறுவாரம் கறுப்புக் கண்ணாடியோடு மாமா குளத்தூருக்கு வந்தார். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிறகு, "பஸ்ஸுல போன ஒனக்கு, நான் அழுதது எப்புடி ஆத்தா தெரியும்?" என்று கேட்டார்.

"பின்சீட்டுலதான் ஒக்காந்திருந்தேன். கல்ல எடுத்ததும் நீங்கதான், அழுததும் நீங்கதான். ரெண்டையுந்தாண்ணே எழுதுனேன். ஊரு ஒண்ணத்தான் படிச்சுச்சு" என்றார் அம்மா.

இப்போதாவது வரிசையில் ஓர் இடம் கிடைக்குமா என்று அம்மா கேட்டார். பங்காளிகளைக் கேட்க வேண்டுமே என்று மாமா இழுத்தார். அண்ணன் இப்படி இழுப்பதையும் கதையில் எழுதியிருக்கிறேன் என்று சொல்லி அம்மா சிரித்தார். அடுத்த திருவிழா வரை அவர் இல்லை.

இந்த ஆண்டுத் திருவிழாவுக்குப் புதுப்பானையோடு வரும்படி மாமா எனக்குச் சொல்லியனுப்பினார். அம்மா இறந்து ஓராண்டு நிறையவில்லைதான்; ஆனால் தாய் இறந்தால் கட்டிக்கொடுத்த மகளுக்குத் தீட்டு மூன்று நாள்தான் என்று சொல்கிறவர்களும் அதே பங்காளிகள்தான். ஆகவே துக்கத்தைக் காட்டி யாரும் தடுக்க முடியவில்லை. இடம் ஏது என்றுதான் கேட்டார்கள். மாமா தம் அடுப்பு போடும் இடத்தில் என்னை நிறுத்தினார்.

"புது எடம் யாரும் தர வேணாம். இது என் எடம். என் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன். இந்த வருசம் எனக்குப் பொங்கல் இல்ல."

அவரே குனிந்து மூன்று கல்லையும் வைத்தார். பிறகு வரிசையை விட்டு விலகி, விருந்தாளிகளோடு போய் உட்கார்ந்துகொண்டார். பொங்கல் பொங்கியபோது குலவையிட்டவர்கள் அந்த வீட்டில் பிறந்து வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்கள். எனக்குக் குலவை வரவில்லை, அழுகைதான் வந்தது.

அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், நேரம் காலம் பாராமல் ஆட்டோ ஓட்டிவந்த அண்டை வீட்டுத் தம்பிக்கும், துக்கத்தில் தோள்கொடுத்த இரண்டு ஊர்ச் சொந்தங்களுக்கும், கதை வாசித்துக்காட்டிய மாமா வீட்டு மருமகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமாவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்.

மறுபதிப்பு அம்மா விரும்பியபடியே வந்திருக்கிறது. அந்தப் பெண் இப்போதும் பானையோடு பஸ் ஏறித்தான் போகிறாள். அந்த முடிவை மாற்ற எங்களுக்கு உரிமையில்லை. மாமாவுக்கு இருந்தது, அவர் கோயிலில் மாற்றிவிட்டார்.